பழைய கார் மிஸ் அடிக்கிறதா, நின்று நின்று போகிறதா? பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, பத்மினி, அம்பாசிடர் என எந்தப் பழைய பெட்ரோல் கார் வைத்திருந்தாலும் ஒரு கட்டத்தில் இந்தத் தொல்லை வந்தே தீரும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இன்ஜின் குலுங்கும். மிதித்தால் தயங்கித் தயங்கிப் பிக்கப் எடுக்கும். சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் பிளக் மாற்றுவார்கள். சில நாள் நன்றாக ஓடும். பிறகு பிளக் வயர், பிறகு காயில், பிறகு பெட்ரோல் பம்ப். சென்னையில் உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் அலைந்து பாதி இன்ஜினை மாற்றிய பிறகும் மிஸ்ஸிங் அப்படியே இருக்கும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை, எந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்பதை யாரும் பார்க்காமலேயே பாகம் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று. மிஸ் அடிப்பதும் வண்டி நின்றுபோவதும் ஒரே கோளாறாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு சிலிண்டர் செத்த வண்டி குலுங்கிக்கொண்டே ஓடும், ஆனால் பெரும்பாலும் நிற்காது. சட்டென்று நிற்கிறது என்றால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று போகிறது: காயில் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏற்றிக் கொடுப்பது), கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழற்சியைப் பார்த்துச் சொல்வது), ரிலே, பம்ப், பெட்ரோல் வழி. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். பல வண்டிகளில் உண்மையிலேயே இரண்டு கோளாறுகள் இருக்கும். ஒன்றைச் சரிசெய்த பிறகும் மற்றது தொடர்வதைப் பார்த்துவிட்டு, சரியாகச் செய்த வேலையையே சந்தேகப்படுவார்கள்.

எப்போது வருகிறது?

பானட்டைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? மழை நாளிலா, கத்திரி வெயிலிலா? ஐடிலிலா, மேம்பாலம் ஏறும்போதா? ஏசி போட்டாலா, போடாவிட்டாலுமா? டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது? நின்ற வண்டி உடனே ஸ்டார்ட் ஆனதா, இருபது நிமிடம் ஆறிய பிறகா?

இந்தக் குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் மட்டும் மிஸ் அடித்து, இன்ஜின் சூடானதும் சரியாகிவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பிளக் வயர், காயில் வழியாக ஸ்பார்க் கசிகிறது. ஐடிலில் குலுங்கி, மிதித்தால் சீராகிவிட்டால் எங்கோ ஏர் பிடிக்கிறது, அல்லது வால்வு சரியாக மூடவில்லை. ஐடிலில் நன்றாக இருந்து, கத்திப்பாரா பாலம் ஏறும்போது துள்ளினால் ஸ்பார்க் பலவீனம் அல்லது பெட்ரோல் பற்றாக்குறை. சூடானால் நின்று, ஆறினால் ஓடினால் அது தனிக்கதை. கீழே விரிவாக வருகிறது.

காஸ் கிட் போட்ட வண்டி என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. எல்பிஜியிலும் சிஎன்ஜியிலும் ஸ்பார்க் தாவுவதற்கு பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் தேவை. காஸில் மட்டும் மிஸ் அடித்து பெட்ரோலில் சீராக ஓடினால், காஸ் கிட்டைக் கழற்றும் முன் பிளக், வயர், காயிலைப் பாருங்கள். பெட்ரோலில் மட்டும் அடித்தால் இன்ஜெக்டர் அடைப்பு, பம்ப், அல்லது காஸ் கிட்காரர் இன்ஜெக்டர் வயரில் வெட்டிப் போட்ட ஜாயின்ட்.

கையில் வேண்டியவை

மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பிளக் ஸ்பேனர், நல்ல உபரி பிளக் ஒன்று, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில். வேக்கும் கேஜும் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளப்பது) கம்ப்ரெஷன் கேஜும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) இருந்தால் மிக நல்லது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் ஸ்பார்க் வயர் பக்கம் போகக் கூடாது. பெட்ரோல் லைனைத் திறக்கும் வேலையை மூடிய கார் பார்க்கிங்கில் செய்யாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. அடுத்தது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் வயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.3, 0.5 என்று காட்டினால் எர்த் வயர் உளுத்திருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம், எண்ணூர் என்று கடல் காற்று படும் இடத்தில் நிற்கும் வண்டிகளில் இது மிக அதிகம். வெளியே வயர் நன்றாகத் தெரியும், அதன் முனையில் இருக்கும் லக்குக்குள் பச்சைப் பொடியாகக் கிடக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

எந்த சிலிண்டர்?

2010-க்குப் பிந்தைய வண்டியில் ஓபிடி சாக்கெட் (இன்ஜினின் கோளாறு எண்களைப் படிக்கும் இடம்) இருந்தால் ஸ்கேனர் போடுங்கள். பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் ஒன்றில் நிற்காமல் மாறி மாறி அடிக்கிறது. அப்போது பிளக்கை விட்டுவிட்டு பெட்ரோல் பிரஷர், ஏர் லீக் பக்கம் போங்கள். பி0335 கிராங்க் சென்சார் பக்கம் கைகாட்டுகிறது. ஆனால் இந்தக் கோளாறு எண் சொல்வது பாகத்தை அல்ல, சர்க்யூட்டை. வயரையும் கனெக்டரையும் பார்க்காமல் சென்சார் வாங்க வேண்டாம்.

சாக்கெட் இல்லாத வண்டியில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்க வேண்டும். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வண்டியில், இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் ஐடில் சட்டென்று இறங்கும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லாத சிலிண்டர்தான் குற்றவாளி. கார்புரேட்டர் வண்டியில், ஓடும்போது பிளக் வயரை வெறுங்கையால் பிடுங்க வேண்டாம். ஷாக் ஒரு பக்கம். ஸ்பார்க் போக வழியில்லாமல் காயிலும் இக்னிஷன் மாட்யூலும் கெடும். இன்ஜினை நிறுத்தி, ஒரு வயரைக் கழற்றி உபரி பிளக்கில் மாட்டி, அந்த பிளக்கை பிளாக்கோடு கம்பியால் கட்டி எர்த் கொடுத்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) உள்ள வண்டியில் ஒவ்வொரு சோதனையும் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகும்.

இன்னும் எளிய வழியும் உண்டு. இரவு முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் குழாயில் சுர்ரென்று ஆவியாகும், செத்த சிலிண்டரின் குழாயில் வழிந்து ஓடும்.

மிஸ் அடிக்கும் சிலிண்டர்களின் எண்ணும் ஏதாவது சொல்லும். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத பல நாலு சிலிண்டர் வண்டிகளில் 1, 4-க்கு ஒரு காயில், 2, 3-க்கு ஒரு காயில். 1-ம் 4-ம் சேர்ந்து செத்தால் அந்தக் காயிலைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து செத்து, கம்ப்ரெஷனும் குறைவு என்றால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. யாராவது வயர் கழற்றி மாட்டிய பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசையைச் சரிபாருங்கள்: மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு 1-3-2, பத்மினி, அம்பாசிடர், ஜென்னுக்கு 1-3-4-2.

சிலிண்டர் தெரிந்ததும் இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டாம் சிலிண்டர் பிளக்கை மூன்றுக்குப் போடுங்கள். மிஸ்ஸிங் மூன்றுக்குப் போனால் பிளக் கெட்டது. போகவில்லை என்றால் வயரை மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதால் சரியானது என்று தெரியாமலே போகும்.

ஸ்பார்க் பக்கம்

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி வெள்ளைத் துணியில் வையுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டர் பற்றவே இல்லை. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். வெளுத்துப் பொரிந்திருந்தால் பெட்ரோல் குறைவு, ஏர் லீக், அல்லது பிளக்கின் ஹீட் ரேஞ்ச் தவறு.

பலரும் முனையை மட்டும் பார்க்கிறார்கள். வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், ஸ்பார்க் உள்ளே போகாமல் பீங்கானின் மேலே ஓடி எர்த் ஆகிறது. அதே கோடு பிளக் கேப்பின் ரப்பருக்கு உள்ளேயும் பதிந்திருக்கும். இங்கே பிளக்கை மட்டும் மாற்றினால், பழைய ரப்பரிலிருக்கும் கோடு புதுப் பிளக்கிலும் வழி போட்டுவிடும். புதுப் பிளக் போட்டு ஒரு வாரத்தில் மிஸ்ஸிங் திரும்பும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிளக் முனைகளுக்கு இடையிலான இடைவெளியின் அளவை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள். பாயின்ட் வண்டிகளுக்கு (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட் ஸ்பார்க்கை உண்டாக்கும் பழைய வகை) பொதுவாக 0.6 முதல் 0.8 மி.மீ., எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு 0.8 முதல் 1.1 வரை. புதுப் பிளக் என்றாலும் ஃபீலர் கேஜ் போடாமல் மாட்டாதீர்கள். அலுமினிய ஹெட்டில் கையாலேயே முழுவதும் திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மரை போகும். போலி பிளக்குகள் தாராளமாகப் புழங்குகின்றன. அச்சு மங்கலாக, மரை சொரசொரப்பாக, நடு முனை கோணலாக இருந்தால் வாங்க வேண்டாம்.

பிளக் வயரை ஓம் மீட்டரில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நீளமான வயருக்குச் சற்று அதிகம் காட்டும், அது சரி. ஒரு வயர் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினாலோ, வளைக்கும்போது எண் தாவினாலோ அது கெட்டது. பிறகு இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, வயர்கள் மேலும் காயில் மேலும் ஸ்பிரே பாட்டிலால் லேசாகப் பனி போலத் தெளியுங்கள். ஸ்பார்க் கசியும் இடத்தில் நீல மின்னல் தெரியும், டிக் டிக் என்று கேட்கும். மழைக்காலத்து மிஸ்ஸிங்கை மார்ச் மாதத்திலேயே இப்படிப் பிடித்துவிடலாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிகளில் அதன் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். முடி போன்ற விரிசல், கறுப்புக் கோடு, தேய்ந்த நடுக் கார்பன், பச்சை பூத்த முனைகள் எதுவும் இருக்கக் கூடாது. ரோட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. பாயின்ட் இடைவெளியை எத்தனை முறை செட் செய்தாலும் நிற்காது. பாயின்ட் இடைவெளி அம்பாசிடரில் 0.35 முதல் 0.4 மி.மீ. பாயின்ட் முகம் கருகிக் குழி விழுந்துகொண்டே இருந்தால் கண்டன்சர் சந்தேகத்துக்குரியது.

இன்ஜினின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளும் வேக்கும் அட்வான்ஸைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டர் பக்கத்திலிருந்து அந்த மெல்லிய ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்து வைத்திருக்கும் வரை அப்படியே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அதன் வழியாக ஏரும் பிடிக்கும், பிக்கப்பும் விழும், மைலேஜும் குறையும்.

காயிலுக்கு, பழைய பாயின்ட் வகையில் பிரைமரி 3 ஓம் அளவு, பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ளதில் 1.5 ஓம் அளவு. செகண்டரி பெரும்பாலும் 6 முதல் 15 கிலோ ஓம். குளிர்ந்த காயில் சரியான எண் காட்டுவதாலேயே அது நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். வண்டி நின்றுபோன அந்தச் சூட்டிலேயே மீண்டும் அளக்க வேண்டும்.

ஏர் பிடிக்கிறதா?

கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ கணக்குப் பார்த்துக் கொடுத்த பெட்ரோலுக்கு மேல், கள்ளத்தனமாகக் காற்று நுழைந்தால் கலவை நீர்த்து ஐடிலில் மிஸ் அடிக்கும். மிதித்ததும் மறையும், ஏனென்றால் அப்போது வரும் மொத்தக் காற்றில் இந்தக் கசிவு சிறு பங்கு.

வேக்கும் கேஜை மேனிஃபோல்டில் மாட்டுங்கள். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 இஞ்ச் (பாதரச அளவு) காட்ட வேண்டும், முள் அசையாமல். முள் தாழ்வாக அசையாமல் நின்றால் ஏர் லீக், ஸ்பார்க் டைமிங் பின்தங்கியது, அல்லது டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியது. சீரான இடைவெளியில் டக் டக்கென்று விழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை. 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சரோ கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ அடைத்திருக்கிறது.

கேஜ் இல்லையென்றால், ஐடிலில் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், கார்புரேட்டர் அடி, இன்ஜெக்டர் ஓ-ரிங், ஹோஸ் முனைகள் என்று ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் தெளியுங்கள். ஐடில் சத்தம் மாறும் இடத்தில்தான் ஓட்டை. சிலர் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீரே போதும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸை ஐடிலில் இறுக்கிக் கிள்ளுங்கள். குலுக்கல் நின்றால் ஓட்டை பூஸ்டரில் இருக்கிறது, பிரேக்கையும் உடனே பாருங்கள். இன்ஜின் அடியில் சேரும் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று கேட்க வேண்டும். இங்கத்திய வெயிலில் ரப்பர் ஹோஸ்கள் மேலே பளபளப்பாக இருந்துகொண்டே மாட்டிய முனையில் வெடித்திருக்கும். கண்ணால் பார்ப்பதோடு விடாமல் ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள்.

ஏசி போட்டால் மட்டும் சிக்னலில் அணையும் வண்டியில், கார்புரேட்டர் வகையென்றால் ஐடில்-அப் டயாஃப்ரமும் அதன் சொலினாய்டும். எம்பிஎஃப்ஐ என்றால் ஐடில் கன்ட்ரோல் வால்வும் த்ராட்டில் பாடியும். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கருப்புப் பிசின் படிந்து காற்று வழி சுருங்கியிருக்கும். துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தட்டை விரலால் தள்ளாதீர்கள், கியர் உடையும். துடைத்த பிறகு ஐடில் சில நேரம் ஏறி இறங்கும், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மறுபடி கற்றுக்கொள்ளும்.

கார்புரேட்டரில் ஐடில் சொலினாய்டையும் பாருங்கள். சாவி ஆன் செய்ததும் க்ளிக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் அணையும், லேசாக மிதித்தே வைத்திருந்தால் ஓடும். ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை அடிவரை மென்மையாகத் திருகி, அங்கிருந்து ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். வேக்கும் முள் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஸ்க்ரூவை எவ்வளவு திருகியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, காற்றால் ஊத வேண்டும். குத்திப் பெரிதான ஜெட்டைத் திரும்பச் சிறிதாக்க முடியாது.

பெட்ரோல்

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது இருபது விழுக்காடு எத்தனால். பழைய வண்டிக்கு இதில் இரண்டு சிக்கல். வெறும் பெட்ரோல் சரியாக எரிய எடையில் 1-க்கு 14.7 பங்கு காற்று தேவை, இ20-க்கு 13.5 அளவே போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய கணக்கிலேயே விடும். அதனால் கலவை நீர்த்துப்போய், முன்பே ஓரளவு ஏர் லீக் உள்ள வண்டி இப்போது வெளிப்படையாக மிஸ் அடிக்கும். கசிவுகளை எல்லாம் அடைத்த பிறகும் பிளக் வெளுத்தே இருந்தால் ஒரு படி பெரிய மெயின் ஜெட் போடுவது நியாயமான வேலை. இரண்டாவது, பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எத்தனாலில் ஊதி நொய்ந்து, துகள் துகளாகி ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள்.

எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியிலும், வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போல வெள்ளம் ஏறும் பகுதிகளில் நின்ற வண்டியிலும் இதை முதலில் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னால் லைனைக் கழற்றி கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கோ கலங்கலோ தெரிந்தால் டேங்கைக் காலி செய்துதான் ஆக வேண்டும். டப்பாவில் விற்கும் மருந்து எதுவும் இந்த அளவுக்கு உதவாது.

எம்பிஎஃப்ஐ வண்டியில் பிரஷர் பெரும்பாலும் 2.5 முதல் 3 பார். கேஜ் மாட்டும் முன் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு இன்ஜின் தானே அணையும் வரை ஓடவிடுங்கள், லைனில் பிரஷர் இறங்கிவிடும். ஐடிலில் சரியாகக் காட்டுவது போதாது. ஓட்டிப் பார்க்கும்போது, இழுவையிலும் விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் ஃபில்டர், டேங்க் உள்ளே இருக்கும் சல்லடை, பிறகு பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். டேங்கில் எப்போதும் கால்வாசிக்கும் கீழே வைத்து ஓட்டினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் போகும், பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. இன்ஜெக்டருக்கு நீளத் திருப்புளியின் முனையை அதன் மேல் வைத்து, பிடியைக் காதில் வையுங்கள். டிக் டிக் டிக் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஓம் அளவு சாதாரணமாக 12 முதல் 16.

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு ஏறி பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்து கீழே கொட்டுகிறது. பேரிங் போகும், ஆயில் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

அண்ணா சாலை நெரிசலில், மே மாத மதியத்தில், ஏசி போட்டு ஊர்ந்துகொண்டிருக்கும்போது நிற்கும். இருபது நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கோளாறே இருக்காது. இதைப் பிடிக்க ஒரே வழி, நின்ற இடத்திலேயே சோதிப்பது. உபரி பிளக், டெஸ்ட் லேம்ப், ஒரு துணி, ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் டிக்கியில் இருக்கட்டும்.

நின்ற கணத்தில் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் இக்னிஷன் சிக்னல் போய்விட்டது. இன்ஜினோடு சேர்ந்து திக்கித் திணறி இறங்கினால் பெட்ரோல் பக்கம்.

ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து, உபரி பிளக்கை ஒரு வயரில் மாட்டி உலோகத்தில் எர்த் கொடுத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் இதைச் செய்யாதீர்கள். பளிச்சென்று நீல ஸ்பார்க் வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் டெஸ்ட் லேம்ப்பை காயில் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்து மீண்டும் செல்ஃப் அடியுங்கள். இசியு ஓட்டும் காயிலுக்கு எல்இடி வகை லேம்ப்தான். மினுக் மினுக்கென்று எரிந்தால் சிக்னல் வருகிறது, காயில்தான் சூட்டில் செத்தது. மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட், பிக்அப், மாட்யூல் அல்லது கிராங்க் சென்சார். எரியவே இல்லை என்றால் பெரும்பாலும் காயிலுக்குக் கரண்ட்டே வரவில்லை: இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, ஃப்யூஸ்.

கரண்ட் வராத வகையில் நம் ஊர் வண்டிகளுக்கென்றே ஒரு சந்தேகம் உண்டு. பிற்பாடு போட்ட ரிமோட் லாக், திருட்டுத் தடுப்பு கிட். இக்னிஷன் வயரை வெட்டி அதன் ரிலேயை நடுவில் சொருகி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் பிசுபிசுத்த டேப் தெரிந்தால் அதைப் பிரியுங்கள். ஜாயின்ட் கருகியிருந்தால் கிட்டைக் கழற்றி, அசல் வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து சேர்த்துவிடுங்கள். பெரிய சாவிக்கொத்து தொங்கும் வண்டிகளில் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்திருக்கும். ஐடிலில் சாவியை லேசாக ஆட்டினால் அணைகிறதா என்று பாருங்கள். ரிலேயை ஓடும்போது திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். தட்டும்போது துள்ளினால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது.

கிராங்க் சென்சார் சந்தேகம் என்றால், நின்ற சூட்டில் அதன் மேல் மட்டும் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். மற்றதெல்லாம் சூடாகவே இருக்க, வண்டி ஸ்டார்ட் ஆனால் வேறு ஆதாரம் தேவையில்லை. பட்டறையில் ஹேர் டிரையரால் சூடேற்றி ஓம் அளவு எங்கே அறுகிறது என்றும் பார்க்கலாம்.

ஸ்பார்க் இருந்து பெட்ரோல் இல்லை என்றால்: எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவி ஆன் செய்து பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள், பம்ப் இரண்டு மூன்று நொடி உறுமி நிற்க வேண்டும். கார்புரேட்டரில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் நின்ற நிலையில் ஆக்சிலரேட்டர் லிங்க்கை இழுங்கள். வாய்க்குள் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் காலி. பத்மினியைப் போல பம்ப் இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் இது வேப்பர் லாக்காக, அதாவது சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி வழியை அடைப்பதாக இருக்கலாம். ஈரத்துணியை பம்ப் மேல் போட்டு ஐந்து நிமிடத்தில் ஓடினால் உறுதி. நிரந்தரத் தீர்வு, லைனை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோவதும் கார்புரேட்டர் அடியில் தடித்த பேக்கலைட் இன்சுலேட்டரை முழுதாக வைப்பதும்தான்.

பம்ப்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று உள்ளே காற்று இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க்கில் வெற்றிடம் ஏற்பட்டு பெட்ரோல் வர மறுக்கும், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும். மூடியைத் தளர்த்திக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஒரு மூடி வாங்கினால் போதும்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாடை அடித்தால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 30 டிகிரியில் 1.5 முதல் 2 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு. சூட்டிலும் கிலோ ஓமிலேயே நின்றால், இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்து இசியு பெட்ரோலைக் கொட்டுகிறது.

கம்ப்ரெஷன்

ஸ்பார்க், ஏர், பெட்ரோல் மூன்றும் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் அடம்பிடித்தால் கம்ப்ரெஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு ஏழு சுற்று. பல பெட்ரோல் வண்டிகளில் 150 முதல் 190 பிஎஸ்ஐ. பழைய குறைந்த கம்ப்ரெஷன் இன்ஜின்களில் சற்றுக் கீழே. மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் அங்கேதான் கோளாறு. அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்ற ஓட வேண்டாம். முதலில் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். காஸில் நெடுநாள் ஓடிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலேறி, டேப்பட் இடைவெளி மூடிப்போகும். சூடானதும் வால்வு முழுதாக உட்காராது. காலையில் சீராக ஓடி, சூடான பிறகு ஐடிலில் மட்டும் குலுங்கும். இடைவெளியை மேனுவல் அளவுக்குக் கொண்டுவந்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். அப்படியே விட்டால் வால்வு எரியும், பிறகு ஹெட் வேலைதான். எரிந்திருக்கிறதா என்று பார்க்க, ஐடிலில் சைலன்சர் வாயருகே ஒரு தாளைப் பிடியுங்கள். வெளியே மட்டும் படபடத்தால் சரி. நடுநடுவே உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு போயிருக்க அதிக வாய்ப்பு.

சரிசெய்த பிறகு ஓட்டிப் பார்ப்பது, எந்த நிலையில் கோளாறு வந்ததோ அதே நிலையில் நடக்க வேண்டும். சூட்டில் நின்ற வண்டியை அதிகாலை ஈசிஆரில் ஓட்டிவிட்டு ஓகே சொல்வதில் பயனில்லை. மதியம் ஒரு மணிக்கு, ஏசி போட்டு, நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து, நிறுத்தி, பத்து நிமிடம் அந்தச் சூட்டிலேயே நிற்கவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மழையில் வந்த மிஸ்ஸிங் என்றால் இருட்டில் ஸ்பிரே சோதனையை மறுபடி செய்யுங்கள். கழற்றிய பழைய பாகத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, அடுத்த சர்வீஸ் வரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். புதுப் பாகமே பழுதாக வருவதும் உண்டு, அப்போது திருப்பி மாட்டி ஒப்பிட அது வேண்டியிருக்கும்.